காலி செய்ய வேண்டிய காம்பரா

எங்கள் எஸ்டேட்டுக்கு டைரக்டர்கள் வருகிறார்கள் என்றால் அவர்களுக்கு முன்னால் சுண்ணாம்பு வந்துவிடும். லாரியிலிருந்து மூட்டைகள் இறங்குவதைப் பார்த்ததுமே குடியிருப்பில் பேச்சு கிளம்பும். ரோட்டைப் பார்த்த சுவர்களுக்கெல்லாம் வெள்ளையடிப்போம். பின்பக்கச் சுவர்களுக்கு அடிப்பதில்லை. அந்தப் பக்கம் எந்த டைரக்டரும் வந்தது கிடையாது.

என் இடத்தில் இப்போது நல அலுவலராக இருக்கும் பெண் போன வாரம் போன் செய்தாள். "மேடம், இனிமே டைரக்டருங்க நேர்ல வரமாட்டாங்களாம். வீடியோவுலயே லேபர்கிட்ட பேசிக்குவாங்களாம். நமக்கு வெள்ளையடிக்கிற சோலி மிச்சம்" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகு எனக்கு ஒரு மழைநாள் ஞாபகத்துக்கு வந்து, வெகுநேரம் போகவே இல்லை. அவளிடம் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

எனக்கு ஊர் வத்தலக்குண்டு. மதுரையில் சமூகப்பணி படித்துவிட்டு, ஒரு பஞ்சாலையில் பயிற்சி முடித்து, தாண்டிக்குடிக்குக் கீழே உள்ள இந்தக் காப்பித் தோட்டத்துக்கு வேலைக்கு வந்தேன். தொழிலாளர் குடியிருப்பு, ஆஸ்பத்திரி, பிள்ளைக் காப்பகம், குடிதண்ணீர் எல்லாம் என் பொறுப்பு. தொழிலாளர்கள் என்னை 'வெல்ஃபேர் அம்மா' என்பார்கள். பாதிப் பேர் சுற்றுவட்டாரத்து ஊர்க்காரர்கள். மீதிப் பேர் சிலோன் தேயிலைத் தோட்டங்களிலிருந்து எழுபதுகளில் கப்பலேறி வந்தவர்கள். குடியிருப்பு வரிசையை அவர்கள் 'லயம்' என்பார்கள். அதில் ஓர் அறை ஒரு 'காம்பரா'. அவர்கள் வாயிலிருந்து அந்த வார்த்தைகள் எஸ்டேட் முழுக்கப் பரவிவிட்டிருந்தன.

எனக்கு மேலதிகாரி மேனேஜர் அருளப்பன் சார். ஒல்லியான மனிதர், கல்யாணம் செய்துகொள்ளாதவர். காலையில் ஆள்கணக்கு எடுக்கும் களத்தில்கூட அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. மெதுவாகப் பேசுவார் என்பதால் மற்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் காதுகொடுப்பார்கள். தொழிலாளிக்குக் கெட்ட செய்தி எதுவானாலும் கடிதத்தை ஆளிடம் கொடுத்தனுப்ப மாட்டார். தானே நடந்து போவார். வாசலுக்கு வெளியே நின்று, வீட்டுக்காரர் "வாங்க" என்று சொல்லும்வரை படியில் கால் வைக்க மாட்டார். உள்ளே போனால் செருப்பைக் கழற்றிவிடுவார். நான் எழுதும் கடிதங்களைச் சிவப்பு மையால் திருத்துவார். ஒருமுறை 'தவறினால் வெளியேற்றப்படுவீர்கள்' என்று எழுதியிருந்தேன். அதை அடித்துவிட்டு, "இந்த வரிய நீங்க அவங்க முகத்தப் பாத்துச் சொல்வீங்களாம்மா? வாயால சொல்ல முடியாததக் காகிதத்துல எழுதக் கூடாது" என்றார்.

டைரக்டர்கள் வருடத்துக்கு ஒருமுறை வருவார்கள். அவர்களுக்கென்றே குன்றின் உச்சியில் ஒரு பங்களா இருந்தது. முன்னால் புல்தரை, உள்ளே கணப்பு அடுப்பு, வரிசையாகப் படுக்கையறைகள். வருடம் முழுக்கப் பூட்டிக் கிடக்கும். தோட்டக்காரர் மட்டும் புல் வெட்டுவார். வருகை நாளில் தொழிலாளர் பிரதிநிதிகள் புல்தரையில் நிற்பார்கள், டைரக்டர்கள் வராந்தாவில் உட்கார்ந்திருப்பார்கள். குறை இருந்தால் சொல்லலாம். "கம்பளி நல்லதாக் குடுங்கய்யா", "தண்ணித் தொட்டி கசியுதுங்கய்யா" என்று ஒருவர் சொல்வார். சேர்மன் தலையசைப்பார், நான் குறித்துக்கொள்வேன். பிறகு எல்லாருக்கும் லட்டு. இதைத்தான் நாங்கள் கலந்துரையாடல் என்று அறிக்கையில் எழுதிவந்தோம்.

இரண்டாயிரமாம் ஆண்டுகளின் தொடக்கத்தில் காப்பி விலை படுத்துக் கிடந்தது. புது வீடுகள் கட்டுவதை நிறுத்தியிருந்தார்கள். அந்தச் சமயத்தில் போர்டு ஒரு முடிவெடுத்தது. ஓய்வு பெறுகிறவர்கள் காம்பராவை உடனே ஒப்படைக்க வேண்டும். வேலையில் இருப்பவர்களுக்கே அதைக் கொடுக்க வேண்டும். விதி முன்பே உண்டு. ஆனால் அதுவரை யாரும் அதைக் கண்டிப்பாகப் பார்த்ததில்லை. அந்த முடிவுக்குப் பிறகு முதலில் ஓய்வு பெற்றவர் காளிமுத்து.

காளிமுத்துவும் அவர் மனைவி லெட்சுமியும் கண்டிப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர்கள். அங்கிருந்து அனுப்பப்பட்டு, மண்டபம் முகாமில் கிடந்து, மலைக்கு வந்து சேர்ந்தவர்கள். 'சொந்த ஊர்' என்று பாரத்தில் ஒரு கட்டம் இருக்கும். காளிமுத்து அங்கே எங்கள் எஸ்டேட் பெயரைத்தான் எழுதச் சொல்வார். ஒரே மகள் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்த்தாள். மாமியார், மாமனார், கொழுந்தன் எல்லாரோடும் ஒற்றை அறையில் குடித்தனம். அங்கே இவர்கள் போய்ப் படுக்க இடமில்லை.

அருளப்பன் சார் அவர்கள் வீட்டுக்குப் போனபோது நானும் உடன் போனேன். சொல்ல வேண்டியதைச் சொன்னார். காளிமுத்து, "சரிங்க தொர" என்று மட்டும் சொன்னார். லெட்சுமி எங்களுக்குத் தேத்தண்ணி போட எழுந்துவிட்டாள். திரும்பி வந்ததும் சார் ஆபீஸ் வாசலில் நின்று, "வேற வழி எதாவது உங்களுக்குத் தோணுதாம்மா?" என்று கேட்டார்.

வேறு வழி இல்லாததற்குக் காரணம் பக்கத்துக் காம்பராவிலேயே இருந்தது. பாண்டியம்மாள் பேத்துப்பாறையிலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்த பெண். காப்பிப் பழம் பறிப்பதில் கெட்டிக்காரி. புருஷன், மாமனார், மாமியார், இரண்டு நாத்தனார்கள், கைக்குழந்தை எல்லாரும் ஒரே காம்பராவில். மாமனாருக்கு இரவெல்லாம் இருமல். குழந்தைக்கு அடிக்கடி மார்ச்சளி. அடுத்துக் காலியாகும் காம்பரா அவளுக்கு என்று நான்தான் எழுதிக் கொடுத்திருந்தேன். அது காளிமுத்து வீடாக இருக்கும் என்று அவளும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை.

அந்த மாதக் கடைசியில் டைரக்டர்களில் ஒருவர் மட்டும் வந்தார். மங்கையர்க்கரசி அம்மா. கம்பெனியை ஆரம்பித்தவரின் மகள். மதுரையில் இருந்தார். அறுபதைத் தாண்டியவர், முட்டிவலிக்காரர். அண்ணன் காலமானதால் அவர் இடத்துக்குப் புதிதாக வந்திருந்தார். பிள்ளைக் காப்பகத்தைப் பார்க்க வேண்டும் என்றார். ஜீப் போகாதே என்றோம். "மெதுவா நடந்துக்கிறேன்" என்று குடையை ஊன்றிக்கொண்டு இறங்கிவிட்டார்.

பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. எங்கள் மழை சொல்லிக்கொண்டு வராது. பாதை நிமிஷத்தில் ஓடையாகிவிட்டது. அம்மாவுக்கு முட்டி மடங்கவில்லை, நிற்கவும் முடியவில்லை. அருகில் இருந்த வாசலிலிருந்து லெட்சுமி சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடிவந்து, அம்மாவின் இடுப்பைச் சேர்த்துப் பிடித்து உள்ளே கூட்டிப்போய்விட்டாள். நானும் பின்னால் நுழைந்தேன். அருளப்பன் சார் வழக்கம்போல வாசலில் தாழ்வாரத்துக்கு அடியில் நின்றுகொண்டார். சாரல் அடித்து அவர் கால்சட்டை நனைந்துகொண்டிருந்தது.

லெட்சுமி ஒரு பலகையைப் போட்டு அம்மாவை அடுப்புப் பக்கம் உட்காரவைத்தாள். விளக்கெண்ணெயைச் சூடாக்கி, கேட்காமலேயே முட்டியில் தடவி நீவிவிட்டாள். அம்மா முதலில் கூச்சப்பட்டார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். காளிமுத்து பால் இல்லாத தேத்தண்ணியும் ஒரு துண்டு கருப்பட்டியும் கொண்டுவந்து வைத்தார். "கருப்பட்டியக் கடிச்சுக்கிட்டுக் குடிக்கணும்ங்க. எங்க சிலோன்ல அப்படித்தான்."

அம்மா கடித்துக் குடித்தார். பிறகு சுற்றிலும் பார்த்தார். பாத்திரங்களெல்லாம் சாக்கில் கட்டி மூலையில் அடுக்கியிருந்தன. சுவரில் படங்கள் மாட்டியிருந்த இடம் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது.

"எங்கயாவது ஊருக்குப் போறீங்களா?"

லெட்சுமி என்னைப் பார்த்தாள். அந்த வீட்டுக்கு விருந்தாளியாக ஒருவர் வந்திருக்கும்போது அந்தப் பேச்சை எடுக்க அவளுக்கு மனமில்லை என்று எனக்குப் புரிந்தது. காளிமுத்துதான் சொன்னார். "எனக்கு வயசாகி வேலையிலருந்து பேரு எடுத்தாச்சுங்கம்மா. காம்பராவ ஒப்படைக்கணும். அதான் சட்டம்."

"இங்கருந்து எங்க போவீங்க?"

லெட்சுமி சிரித்துவிட்டாள். "அதத்தாங்கம்மா நானும் இவருகிட்டக் கேட்டுக்கிட்டே கெடக்கேன். மொதல்ல மழை விடட்டும்ங்கிறாரு."

அம்மா சிரிக்கவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வாசலைப் பார்த்துக் கேட்டார். "அருளப்பன், யாரு போட்டது இது?"

"போர்டு முடிவுங்கம்மா."

"நானும் போர்டுலதான இருக்கேன்?"

"ஆமாங்கம்மா. அன்னைக்குக் கூட்டத்துக்கு வந்திருந்தீங்க."

அவர் குரலில் குத்தல் இல்லை. நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான். அம்மாவின் முகம் மெல்ல மாறியது. எத்தனையோ தீர்மானங்களுக்கு நடுவே ஒன்றாக அது படிக்கப்பட்டிருக்கும், எல்லாரோடும் அவரும் சரி என்றிருப்பார். அது இந்த அடுப்பையும் இந்த மூட்டைகளையும் பற்றியது என்று அன்று அவருக்கு எப்படித் தெரியும்? லெட்சுமியின் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க எங்கயும் போக..." என்று ஆரம்பித்தார்.

"அம்மா!" என்றார் அருளப்பன் சார். அவர் யாரையும் குறுக்கிட்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். "தயவுசெஞ்சு வாக்குக் குடுத்துறாதீங்க."

அம்மா திகைத்துப் பார்த்தார்.

"நீங்க ஒருத்தரா சொல்லி நடக்காதுங்கம்மா. நாளைக்கு போர்டு வேற மாதிரி சொன்னா, இவங்க ரெண்டு தடவ ஏமாறணும். இன்னொண்ணு, பக்கத்துக் காம்பராவுல ஒரு பொண்ணு கைப்பிள்ளையோட இந்த வீட்டுக்காகக் காத்திருக்கு. அதுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"அப்ப நான் என்னதான் செய்யலாம், சொல்லுங்க" என்றார் அம்மா.

"அந்தப் பொண்ணுகிட்டயும் கேளுங்க. ரெண்டு பேரையும் கேட்டுட்டு போர்டுல சொல்லுங்க. அதுவரைக்கும் நான் இந்தக் காம்பராவக் கேக்க மாட்டேன். அது என் பொறுப்பு."

பாண்டியம்மாளைக் கூப்பிட நான் தாழ்வாரத்தோடு நடந்தேன். அவள் குழந்தையை முந்தானையில் பொத்திக்கொண்டு வந்தாள். அம்மா அவளைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். என்ன கேட்கப்போகிறார்கள் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. "வீடு வேணும்ங்கம்மா, வேணாம்னு பொய் சொல்ல மாட்டேன். இவனுக்கு நெஞ்சு கரகரன்னு கெடக்கு. ஆனா இந்த அத்தை வெள்ளனே எந்திரிச்சுக் கொள்ளிய எடுத்துக் குடுத்துத்தான் எங்க வீட்டுல அடுப்பு எரியும். எனக்குப் பேறு பாத்ததும் இவங்கதான். இவங்க சாமானத் தூக்கி வெளிய வச்சிட்டு அந்த எடத்துல நான் எப்படிங்கம்மா இவனுக்குத் தொட்டில் கட்டுவேன்?" என்று சொல்லும்போதே அழுதுவிட்டாள். லெட்சுமி குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, "எலே, ஒங்கம்மாளப் பாரு, பெரிய மனுசி, அழுகுறா" என்று தட்டிக்கொடுத்தாள்.

மழை விட்டது. அம்மா காப்பகத்துக்குப் போகவில்லை. வாசலில் இறங்கும்போது, "எண்ணெய்க்கு நல்லாக் கேக்குது" என்று லெட்சுமியிடம் சொல்லிவிட்டு, எங்கள் இருவரையும் பிடித்துக்கொண்டு மேலேறினார்.

அடுத்து வந்த டைரக்டர்கள் வருகை வேறு மாதிரி இருந்தது. அம்மா முன்கூட்டியே சொல்லியனுப்பியிருந்தார்: புல்தரையில் யாரும் நிற்க வேண்டாம், எல்லாரும் உள்ளே வந்து உட்கார வேண்டும். பங்களாக் கூடத்தில் பெஞ்சு, நாற்காலி, முக்காலி எல்லாம் இழுத்துப் போட்டோம். தொழிலாளர்கள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, விரிப்பில் ஈரக்கால் படக் கூடாதென்று ஓரமாக நடந்து வந்தார்கள். காளிமுத்து, லெட்சுமி, பாண்டியம்மாள் மூவரும் வந்திருந்தார்கள்.

சேர்மன் சிதம்பரநாதன் ஐயா, மங்கையர்க்கரசி அம்மாவுக்குப் பெரியப்பா மகன். அவரைக் கல்மனதுக்காரர் என்று சொல்ல மாட்டேன். அவர் பக்கத்து நியாயத்தைத் தெளிவாகவே சொன்னார். "ஒருத்தர இருக்கவிட்டா எல்லாரும் இருப்பாங்க. தப்பில்ல, அவங்களுக்கும் வேணும்தான். ஆனா புதுசா வேலைக்கு வர்ற பிள்ளைங்கள எங்க தங்கவைக்கிறது? இப்ப கட்டுறதுக்கும் வசதி இல்ல. எனக்கு வழி தெரியல. தெரிஞ்சவங்க சொல்லுங்க."

அவர் தொழிலாளர்களைப் பார்த்துக் கேட்டது அதுதான் முதல் தடவை. மங்கையர்க்கரசி அம்மா கேட்டார்: "சரி, கட்ட வேண்டாம். எஸ்டேட்ல காலியா ஏதாவது கட்டடம் கெடக்கா?"

பெஞ்சில் இருந்த அத்தனை பேருக்கும் பதில் தெரியும். ஆளாளுக்குத் தரையைப் பார்த்தார்கள். தோட்டக்காரர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். நான் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன்.

அருளப்பன் சார் எழுந்தார். "ஒண்ணு இருக்குங்கய்யா" என்றார், அதே மெதுவான குரலில். "இப்ப நாம உக்காந்திருக்கோமே, இதுதான்."

சேர்மனின் முகம் சிவந்தது. அவர் நிமிர்ந்து உத்தரத்தைப் பார்த்தார், கணப்பைப் பார்த்தார். அது அவருடைய சித்தப்பா ஆசையாகக் கட்டிய வீடு. சின்ன வயதில் கோடை விடுமுறைக்கு வந்து அவர் ஓடி விளையாடிய கூடம். கொஞ்சம் பொறுத்து, கோபமும் சங்கடமுமாகக் கேட்டார்: "அப்ப நாங்க வந்தா எங்கய்யா தங்குறது?"

காளிமுத்துதான் எழுந்து, துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார். "நாங்க இருக்கோம்லங்க. வந்தா எங்ககூடத் தங்கிக்கிருங்க."

அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. மெய்யாகவே அழைத்தார். முதலில் பாண்டியம்மாள் வாயைப் பொத்தினாள். பிறகு பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அடக்கிப் பார்த்த மங்கையர்க்கரசி அம்மாவும் முடியாமல் சிரித்துவிட்டார். கடைசியில் சேர்மனும் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தேத்தண்ணி குடுப்பீங்கள்ல?" என்று கேட்டார். "கருப்பட்டியோட" என்றாள் லெட்சுமி.

அன்றே எல்லாம் முடிந்துவிடவில்லை. போர்டில் மற்றவர்கள் ஒப்புக்கொள்ளப் பல மாதங்கள் ஆயின. இன்னொரு டைரக்டர் கடைசிவரை எதிர்த்தார் என்று கேள்விப்பட்டேன். போக்கிடம் இல்லாத ஓய்வுபெற்றவர்களுக்கு மட்டும் என்று ஒரு வரையறை வைத்தார்கள். ஒரே ஒரு அறையை டைரக்டர்களுக்கு ஒதுக்கிவிட்டு மற்ற அறைகளைத் தடுத்து, தனித்தனி அடுப்படியும் கழிவறையும் போட்டோம். அருளப்பன் சாருக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு கண்டிப்பு வந்தது. தொழிலாளர்கள் முன்னால் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது, தனியாக வந்து சொல்லியிருக்க வேண்டும் என்று. நான் ஆதங்கப்பட்டேன். "அவங்க சொல்றதும் சரிதாம்மா" என்றார் அவர். "ஆனா தனியாச் சொல்லியிருந்தா, அது தனியாவே போயிருக்கும்."

காளிமுத்துவும் லெட்சுமியும் மேலேறிப் போன காலையில் லயமே உடன் நடந்தது. பாண்டியம்மாள் அம்மிக்கல்லைத் தலையில் தூக்கிக்கொண்டாள். யார் கேட்டும் கொடுக்கவில்லை. அன்று மாலையே அவள் காலியான காம்பராவில் பால் காய்ச்சினாள். முதல் டம்ளர் எங்கே போனது என்று சொல்லத் தேவையில்லை. அந்தக் குளிரில் மலையேறி ஆறிப்போன பாலை லெட்சுமி மறுபடி சுடவைத்துக் குடித்தாளாம்.

பங்களா அவர்களுக்கு லேசில் பழகவில்லை. கூரை உயரமாக இருப்பதால் தூக்கம் வரவில்லை என்றார் காளிமுத்து. முன்வாசல் வழியாக வர லெட்சுமிக்குக் கால் எழவில்லை. பல நாள் அடுப்படிக் கதவு வழியாகத்தான் போய்வந்தாள். மங்கையர்க்கரசி அம்மா அடுத்த தடவை வந்தபோது அவளைக் கையோடு கூட்டிக்கொண்டு முன்வாசல் வழியாக நுழைந்தார். அதற்குப் பிறகு அந்தத் தயக்கம் போயிற்று.

அந்த வருகையின்போதுதான் நான் இதைப் பார்த்தேன். காலைப் பனி விலகியிருந்தது. அம்மா முட்டிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டு வராந்தா வெயிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் இருந்தேன். லெட்சுமி புல்தரையின் ஓரத்தில் மண்வெட்டியால் குழி வெட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பட்டர் ஃப்ரூட் கன்று ஒன்று, வேரில் தாய்மண்ணோடு சாக்கில் சுற்றிக் கிடந்தது. லயத்தில் கீரை போடலாம், மரம் வைக்க அனுமதி கிடையாது. சிலோனிலும் அப்படித்தான் என்று அவள் சொல்லியிருக்கிறாள். அத்தனை வருடம் தோட்டத்திலேயே வாழ்ந்தவள் தனக்கென்று ஒரு மரம் வைத்ததில்லை.

அம்மா அவளைக் கூப்பிட்டுச் சொன்னார். "லெட்சுமி, கொட்ட போட்டு வந்த கன்னு மாதிரி இருக்கே. இது காய்க்க ரொம்ப வருஷம் ஆகுமே."

லெட்சுமி நிமிர்ந்து, புறங்கையால் நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டாள்.

"ஆவட்டும்ங்கம்மா. நாங்க இங்கனதான இருக்கப் போறோம்."

சொல்லிவிட்டு அவள் மறுபடியும் குனிந்து மண்ணை அள்ளினாள். காளிமுத்து தண்ணீர்க் குடத்தோடு வந்துகொண்டிருந்தார்.